பாட்டியின் நீர் மாத்திரையும் பேத்தியின் எடையும்

வேலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன் முகூர்த்த மாதங்களை நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தை பிறந்ததும், பிறகு வைகாசியிலும் ஆவணியிலும், நீர் மாத்திரை கேட்டு வருகிற இளம் முகங்கள் கடையில் கூடிவிடும். "அண்ணா, இதுல ஒரு அட்டை குடுங்க" என்று கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டுவார்கள். படத்தில் பாதி தீர்ந்த அட்டை ஒன்று இருக்கும். அதன் பின்பக்கத்து வெள்ளித்தாளில் "காலை 1" என்று யாரோ நீல மையில் எழுதியிருப்பார்கள். வீட்டுப் பெரியவருக்கு இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ, உடம்பில் கோத்த நீரைச் சிறுநீராக இறக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. சீட்டு எங்கே என்று கேட்டால் "பாட்டிக்குத்தாண்ணா" என்று பதில் வரும். பாட்டிக்கு என்ன உடம்புக்கு என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்: மூன்று வாரத்தில் கல்யாணம், ஆரி வேலை செய்த ரவிக்கை தைத்து வந்துவிட்டது, கையும் இடுப்பும் பிடிக்கிறது, தோழி ஒருத்தி இதைப் போட்டு ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தாளாம்.

அந்தத் தோழி பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் சிக்கலே. எடைக் கருவியில் இரண்டு கிலோ குறையத்தான் செய்திருக்கும். ஒரு மருந்து பலிக்கவே பலிக்காது என்றால் அதை யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு, "இறங்கியது உன் கொழுப்பு இல்லை, அம்மா" என்று கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்? அதிலும் எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை நிலையம் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கிப் போகிற ஊர் இது. இங்கே ஆளுக்குப் பாதி டாக்டர். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனையான கிரியேட்டினின் என்ற சொல் ஆட்டோ ஓட்டுநர் வாயிலும் சரளமாக வரும்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நம்முடைய இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அவ்வளவும் வெளியே போய்விட்டால் மனிதன் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டான். நூற்றில் 99 பங்கு மீண்டும் உடம்புக்குள்ளேயே திரும்பிவிடுவதால்தான் ஒன்றரை லிட்டரோ இரண்டு லிட்டரோ மட்டும் சிறுநீராக வருகிறது. அந்த நீரைத் திரும்ப இழுத்துவருவது உப்பு. உப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நீரும் போகும். ஃபியூரோசெமைடு போன்ற மாத்திரைகள், சிறுநீரகக் குழாயில் ஹென்லே வளைவு எனப்படும் இடத்தில், உப்பு உள்ளே திரும்பும் வாசலை அடைத்துவிடுகின்றன. திரும்ப முடியாத உப்பு நீரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறது. வாய் வழியாக விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவை அதே குழாயில் இன்னும் சற்றுத் தள்ளியிருக்கும் வேறொரு வாசலை அடைப்பவை. அவற்றின் வேகம் குறைவு, நேரம் அதிகம்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. காலையில் மாத்திரை போட்டு, மதியத்துக்குள் இரண்டு லிட்டர் கூடுதலாக வெளியேறினால், முள் இரண்டு கிலோ இறங்கித்தான் ஆகவேண்டும். ஈரத்துணியைப் பிழிந்தால் கனம் குறையும், துணியில் ஓர் இழையும் குறையாது. கொழுப்பின் கணக்கே வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி சேமிப்பாக இருக்கிறது. அதை உடம்பு எரித்தால்தான் கரையுமே தவிர, கழிப்பறை வழியாக அனுப்ப வழியில்லை. எரிந்த பிறகும் அது பெரும்பாலும் சிறுநீராகப் போவதில்லை. பத்து கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போய்விடும், மீதி 1.6 கிலோதான் நீராகும். எடை குறைப்பது பற்றி இவ்வளவு பேசும் நம் ஊரில், கொழுப்பு மூக்கு வழியாகப் போகிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். "எனக்கு சதை இல்லண்ணா, தண்ணி உடம்பு" என்று நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். பருத்த உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது, அதை இறக்கிவிட்டால் இளைத்துவிடலாம் என்பது அதன் பொருள். உண்மை நேர் எதிரானது. தசையில் நான்கில் மூன்று பங்கு நீர். கொழுப்புத் திசுவிலோ பத்துக்கு ஒன்று, இரண்டு பங்குதான் நீர் இருக்கும். ஆகவே ஒருவர் பருக்கப் பருக்க, அவருடைய மொத்த எடையில் நீரின் பங்கு குறைந்துகொண்டே போகிறது. பருமனான பெண் நீர் மாத்திரை போடும்போது வெளியேறுவது இரத்தத்திலும் தசையிலும் இருக்கும் நீர். அவள் கரைக்க நினைத்த இடுப்புச் சதை அப்படியே இருக்கும். மெய்யாகவே நீர் கோத்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தால், நீர் கோத்தவர்களுக்குக் குழி விழுந்து, அது நிரம்ப நேரமாகும். அப்படிக் குழி விழுந்தால் அது கடையில் நின்று மாத்திரை கேட்கிற விஷயமும் இல்லை, மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதில்தான் பெண்கள் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். நீர் திடீரென்று குறைந்ததும், ஏதோ இரத்தப்போக்கு நேர்ந்துவிட்டதைப் போலச் சிறுநீரகம் எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதைத் தொடர்ந்து அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வருகிறது. இரண்டும் சேர்ந்து, கிடைக்கிற உப்பையெல்லாம் பிடித்துவைக்கச் சொல்கின்றன. மாத்திரை இருக்கும்வரை அந்த உத்தரவு எடுபடுவதில்லை. நிறுத்திய மறுநாளே எடுபடுகிறது. போன நீர் திரும்பிவருவதோடு நிற்காமல், சில நாட்களுக்கு முன்னிருந்ததைவிட அதிகமாகவே தேங்கிவிடும். கணுக்காலில் கொலுசின் தடம் பதியும், மோதிரம் கழலாது, காலையில் கண்ணிமை தடித்திருக்கும். "பாத்தீங்களாண்ணா, நிறுத்தினா ஊதிடுது, எனக்கு நெஜமாவே தண்ணி உடம்புதான்" என்று அடுத்த அட்டைக்கு வந்து நிற்பார்கள். அந்த வீக்கத்தை உண்டாக்கியதே மாத்திரைதான். அதற்கு மருந்தும் அதே மாத்திரை என்று நம்பி, மாதக்கணக்கில் தொடர்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் உறவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தத்தின் முந்தைய இரவு குரக்களி பிடித்தது. வெறும் கெண்டைக்கால் வலி என்று முதலில் நினைத்தார்கள். கெண்டைச்சதை கல்லைப்போல இறுகிப்போய், பாதம் உள்பக்கமாக வளைந்துகொண்டது. அவளுடைய அத்தை பெருவிரலைப் பிடித்து இழுத்துவிட, ஒரு கால் விட்டதும் மறு கால் பிடித்தது. எழுந்து நின்றவள் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னாத்தடி துன்னே?" என்று பாட்டி கேட்டாள். தின்றது பாட்டியின் மாத்திரைப் பெட்டியில் இருந்த மாத்திரை. மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் புகைப்படங்களில் ஒல்லியாகத்தான் இருக்கிறாள், ஆனால் கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்ததை எந்த ஒப்பனையும் மறைக்கவில்லை.

உப்பும் நீரும் மட்டும் போவதில்லை, பொட்டாசியமும் மக்னீசியமும் கூடவே போகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். அந்தக் குறுகிய இடைவெளிக்குக் கீழே இறங்கினால் தசை தளர்கிறது, குரக்களி பிடிக்கிறது, இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. சோடியம் இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம். யூரிக் அமிலம் ஏறி, கால் பெருவிரல் கணு வீங்கிச் சிவக்கும் கௌட் வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில வகை நீர் மாத்திரைகள் சர்க்கரையையும் ஏற்றும். பொட்டாசியம் போனால் இளநீர் குடித்து ஈடுகட்டிவிடலாம் என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்கிறார்கள். பாட்டியின் அட்டையில் இருப்பது ஸ்பைரோனோலாக்டோன் கலந்த மாத்திரையாக இருந்தால் அது பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் மருந்து. அப்போது இளநீர் ஏறிய பொட்டாசியத்தை இன்னும் ஏற்றிவிடும். இரண்டு மாத்திரையும் பார்வைக்குச் சிறிய வட்ட மாத்திரைகள், இரண்டுக்கும் வீட்டில் பெயர் நீர் மாத்திரை. ஒன்று இறக்குவதை மற்றது ஏற்றும்.

இதோடு வேலூர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. மலைகளுக்கு நடுவில் கிடக்கிற ஊர், பாலாற்றிலும் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். காட்பாடியிலிருந்து நேஷனல் தியேட்டர் நிறுத்தம்வரை நின்றுகொண்டே பேருந்தில் வந்தாலே சட்டை நனைந்துவிடும். உடம்பு வெப்பத்தைத் தணிப்பது வியர்வையால்தான், வியர்வைக்கு நீர் வேண்டும். அந்த நீரை மாத்திரையால் இறக்கிவிட்டு, "எடை ஏறிடும்" என்று தண்ணீரும் குடிக்காமல், பட்டுப்புடவையோடு மண்டபத்து ஓமகுண்டத்துக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்காரும் பெண்ணை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. இடுப்பு வலிக்கென்று இடையில் ஒரு டைக்ளோஃபெனாக்கும் போட்டுக்கொண்டால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற நடுவயதுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பெயரின் கடைசியில் எச் என்ற எழுத்து வருகிற அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு ஏற்கெனவே கலந்திருக்கிறது. அவர்கள் எடைக்காகத் தனியாக ஒன்று போட்டால் அது இரண்டாவது நீர் மாத்திரை.

தாயின் மாத்திரைப் பெட்டியிலிருந்து பிள்ளை எடுத்துச் சாப்பிடுவது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னே 2003 உலகக்கோப்பைக்காகத் தென்னாப்பிரிக்கா போய், ஒரு பந்துகூட வீசாமல் திருப்பி அனுப்பப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அவருடைய சோதனையில் தெரிந்தது ஹைட்ரோகுளோரோதயசைடும் அமிலோரைடும் கலந்த நீர் மாத்திரை. தொலைக்காட்சியில் மெலிந்து தெரிவதற்காகத் தன் தாயார் கொடுத்ததாக அவர் சொன்னார். விளையாட்டில் ஊக்கமருந்தை மறைக்கவும் இந்த மாத்திரை பயன்படுவதால் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஓர் ஆண்டு விளையாடத் தடை கிடைத்தது. நம் ஊர் ஆணழகன் போட்டிகளுக்குத் தயாராகும் பையன்களுக்கும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. நரம்பு புடைத்துத் தெரியவேண்டும் என்று கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, கூடவே இந்த மாத்திரையையும் போடுகிறவர்கள் அவர்களில் உண்டு.

எடையில் நீரின் ஆட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு மாத்திரை சம்பந்தமே இல்லாத ஓர் உதாரணம் 2024 பாரிஸ் ஒலிம்பிக். மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவில் முதல் நாள் காலை சரியான எடையில் இருந்த வினேஷ் போகத், அன்று மூன்று போட்டிகளில் ஆடி, இடையில் உண்டு குடித்ததில் இரவுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டார். இரவு முழுவதும் ஓடியும் வியர்த்தும் முடியை வெட்டியும் மறுநாள் 100 கிராம் மிச்சம் நின்றது. உலகத்தரமான பயிற்சியாளர்கள் சூழ இருந்த ஒருவரின் எடையே ஒரு நாளில் இப்படி ஆடுகிறது என்றால், நம் வீட்டுக் குளியலறை எடைக் கருவியில் ஒரு கிலோ ஏறியதற்கு மறுநாளே மாத்திரை தேடுவதில் என்ன பொருள்? மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் பல பெண்களுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறும், தானே இறங்கும். இரவில் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டால் அந்த உப்புக்கு ஏற்ற நீரும் மறுநாள் உடம்பில் நிற்கும்.

சரி, இந்த மாத்திரை கெட்ட மாத்திரையா என்றால், பாட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும். இதயம் தளர்ந்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டும், மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தே இரவைக் கழிப்பார்கள். அவர்களைப் படுத்துத் தூங்கவைப்பது இந்தச் சில ரூபாய் மாத்திரைதான். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்ந்தவர்களுக்கும், சிறுநீரக நோயால் முகமும் காலும் வீங்கியவர்களுக்கும் அப்படியே. அவர்களைத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர், உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். அவ்வப்போது இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். இவ்வளவு காவலோடு கொடுக்கப்படுகிற மருந்து என்பதால்தான் அது ஷெட்யூல் எச் பட்டியலில் இருக்கிறது, சீட்டில்லாமல் நான் கொடுக்கக்கூடாது. பேத்தி தினம் ஒன்றாக எடுத்தால் பாட்டிக்கு மாதக் கடைசியில் பற்றாக்குறையாகிறது. இந்த மாதம் ஏன் பத்து நாள் முன்னாடியே தீர்ந்துவிட்டது என்று விசாரித்தபோது ஒரு வீட்டில் உண்மை வெளிப்பட்டது. அங்கே அந்த அம்மா நான்கு நாள் மாத்திரை இல்லாமல் மூச்சுத்திணறலோடு இருந்திருக்கிறார்.

மாத்திரை தராவிட்டால் மூலிகைக்குப் போவார்கள். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லித் தண்ணீர், மூக்கிரட்டைக் கீரை எல்லாமே நீரைப் பிரிக்கும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவருபவை. வாழைத்தண்டுப் பொரியலும் கீரையும் தட்டில் இருந்தால் நார்ச்சத்து கிடைக்கும், சோறும் சற்றுக் குறையும், அந்த அளவில் மிக நல்லது. நீர் பிரிந்தால் இளைக்கலாம் என்று கஷாயமாகக் காய்ச்சிக் குடித்தாலோ, மாத்திரையில் செய்த அதே தவறைப் பச்சை நிறத்தில் செய்கிறோம். பாட்டிலில் பெயர் மட்டும் ஒட்டி விற்கும் மெலிவுப் பொடிகளைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்வேன். இயற்கைப் பொருள் என்று விற்கப்பட்ட மெலிவு மருந்துகளில், 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனை நிறுத்தப்பட்ட சிபுட்ரமினையும், ஃபியூரோசெமைடு போன்ற நீர் மருந்துகளையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மூன்று நாளில் முள் இறங்கும் பொடி என்றால் அதில் என்ன இருக்கும் என்று ஊகிக்க மருந்தாளுநர் படிப்பு தேவையில்லை.

இனி வேலை செய்கிற வழிக்கு வருகிறேன். இதில் வேகம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நாணயம். நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. அதை 7,700-ஆல் வகுத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடம்பு சிறுக்கச் சிறுக்கச் செலவும் குறைவதால் போகப்போக இன்னும் மெதுவாகும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தால் ஒரு கிலோ, அவ்வளவுதான். நிச்சயம் முடிந்த அன்றே தொடங்கியிருந்தால் ரவிக்கை பிரச்சினையே வந்திருக்காது. ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கை மடிப்பில் துணி விட்டிருக்கிறார்களா என்று தையற்காரரிடம் கேளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. சிரிப்பார்கள், ஆனால் மூன்று வாரத்தில் முடிகிற காரியம் அது ஒன்றுதான்.

அந்த 500 எங்கே இருக்கிறது? நம் பக்கத்துச் சாப்பாட்டில் அது தேடவேண்டிய இடத்தில் இல்லை, தட்டின் நடுவில் குவிந்திருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 355 கிலோ கலோரி. மதியமும் இரவும் வேளைக்கு 50 கிராம் அரிசி வடித்த சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரைக் கடைசலோ காயோ வைத்தால் அதுவே 355. ஒரு நாளில் நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 160. இரண்டும் சேர்ந்து கணக்கு முடிந்துவிட்டது, மாத்திரையும் இல்லை, பொடியும் இல்லை. களிக்கு மாறினால் இளைத்துவிடலாம் என்று இப்போது ஒரு பேச்சு. கேழ்வரகு நம் வட ஆர்க்காட்டுக்காரர்களின் உணவு, அதில் நாரும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிடப் பன்மடங்கு அதிகம், பசியும் தாங்கும். ஆனால் 100 கிராம் கேழ்வரகிலும் சுமார் 320 கிலோ கலோரி இருக்கிறது. ஏர் ஓட்டியவர் சாப்பிட்ட அளவுக் களியுருண்டையைக் கணினி முன் உட்காருகிறவர் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழிக்கும் இதே நிபந்தனை. கொள்ளுச் சுண்டல் சோற்றுக்குப் பதிலாக வந்தால் இளைக்கும், சோற்றுக்கு மேல் வந்தால் இளைக்காது.

ஆம்பூர் பிரியாணியை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, தகுதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை பிரியாணியால் யாரும் பருப்பதில்லை. மற்ற ஆறு நாளும் இரவு ஒன்பதரைக்குப் பரோட்டா கடையில் நிற்பதால்தான் பருக்கிறார்கள். உப்பைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, பாக்கெட் தின்பண்டம் ஆகியவற்றைக் குறைத்தாலே கால் வீக்கமும் முக உப்பலும் பலருக்குச் சில நாட்களில் வடிகின்றன. மாத்திரை செய்வதாக நம்பிய வேலையை ஆபத்தில்லாமல் செய்வது இதுதான். மாவுச்சத்தைத் தவிர்த்து, முதல் வாரத்தில் எடை வேகமாக இறங்கும் பேலியோ முதலிய உணவு முறைகளிலும் ஆரம்ப இறக்கத்தில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்திலிருந்து உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். அதைக் கண்டு மயங்கவும் வேண்டாம், நான்காம் வாரத்தில் வேகம் குறைந்ததும் கைவிடவும் வேண்டாம்.

நடை எடையைக் குறைப்பதில் நாம் நினைக்கிற அளவு வல்லது இல்லை. ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 70 கிலோ எடையுள்ளவருக்கு 200 முதல் 250 கிலோ கலோரிதான் செலவாகும். காலையில் கோட்டை அகழி ஓரமாக நடந்துவிட்டு வெளியே வந்ததும் இரண்டு வடையும் ஒரு டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் குறைந்த எடை திரும்பி ஏறாமல் காப்பதிலும், சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதிலும், தசை கரையாமல் பார்த்துக்கொள்வதிலும் நடைக்கும் உடற்பயிற்சிக்கும் ஈடில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது குறைந்த அளவு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடவேண்டும், தண்ணீரைப் பயந்து குறைக்கக்கூடாது. எடைக் கருவியை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அதைவிடத் துணி அளக்கும் நாடா உண்மை பேசும். நீர் போனால் இடுப்பளவு பெரிதாக மாறாது, கொழுப்பு போனால் மாறும். நம் மக்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்று இடுப்புக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினாலே நமக்கு அதிக எடைதான், மேலைநாட்டாரின் 25 நமக்குப் பொருந்தாது. எல்லையைக் கடந்தவர்கள் இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, அதாவது 80 கிலோ உள்ளவர் நான்கு கிலோ குறைத்தாலே, சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

எல்லாம் செய்தும் இறங்காதவர்கள் உண்டு, அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது பாவம். தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, சில மனநல மருந்துகள், ஸ்டீராய்டு ஆகியவை எடையைப் பிடித்துவைக்கும். பார்க்கவேண்டியவற்றை மருத்துவர் பார்ப்பார். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தபிறகு அதைக் கேட்டும் கடைக்கு வருகிறார்கள். அது பசியைக் குறைத்துக் கொழுப்பையே குறைக்கும் மருந்து, நீர் மாத்திரையோடு ஒப்பிடவே முடியாது. விலையும் அதிகம், பக்கவிளைவும் உண்டு, மருத்துவர் கண்காணிப்பில்தான் போடவேண்டும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் எடைக்காக நீர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே அட்டையைக் குப்பையில் போடவேண்டாம். மருத்துவரிடம் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டார்கள். சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், யூரிக் அமிலம் பார்த்துவிட்டு, உப்பைக் குறைத்துக்கொண்டே மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தச் சொல்வார்கள். அந்த நாட்களில் எடை ஒன்று, இரண்டு கிலோ ஏறும், கால் வீங்கும். அது மாத்திரை இறக்கிவைத்திருந்த நீர் திரும்புவது, கொழுப்பு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் தானே வடிந்துவிடும். வடியாமல் நின்றாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அது வேறு நோயின் வீக்கம். இதயம், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, காலின் இரத்தக்குழாய் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க அன்றைக்கே கிளம்பவேண்டும்.